மூட்டம் எங்கே முடிகிறது

புதன்கிழமை காலை பதினோரு மணிவாக்கில், லான்செஸ்டனில் ஒரு சந்துக்குள் இருக்கும் படம் கழுவும் கடையின் இருட்டறையில், நெரிடா தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையில் ரீல். வலது கை பிலிமை அதன் தடத்துக்குள் ஊட்டிக்கொண்டிருந்தது. நகங்கள், மோதிரம், கட்டைவிரலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி எல்லாம் மங்கிய பச்சையில் துலக்கமாகத் தெரிந்தன. பாதிக்கு மேல் ஊட்டியாகிவிட்டது. அப்போதுதான் பிலிம் வழக்கத்தைவிட மெல்லியதாக இருப்பதும், கையில் நிற்காமல் திமிறுவதும் விரல்களுக்கு உறைத்தது. கை நின்றது.

அவள் முகத்தில் மாட்டியிருந்த கருவிக்குக் கடையில் ஆந்தை என்று பெயர். சிவப்புக்கு அப்பால், மனிதக் கண்ணுக்கு எட்டாத ஒரு வெளிச்சத்தை அது உமிழும். அந்த வெளிச்சத்தில் அகப்படுவதைப் பச்சையாக மாற்றிக் காட்டும். சாதாரண பிலிமுக்கும் அந்த வெளிச்சம் தெரியாது. ஆகவே எத்தனை ரோல் வந்து குவிந்தாலும், கும்மிருட்டில் துழாவாமல், வெங்காயம் உரிப்பதுபோல உரித்து மாட்டிக்கொண்டே போகலாம். அதை வாங்கியே ஆகவேண்டும் என்று போன குளிர்காலத்தில் முதலாளி மெர்வினை நச்சரித்தவள் நெரிடாதான். ஒரே ஒரு வகை பிலிமுக்கு மட்டும் அது ஆகாது. அகச்சிவப்பு பிலிம். மனிதன் பார்க்காத அந்த வெளிச்சத்தைப் பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டது அது. ஆந்தையின் ஒளியில் அது அவளுக்குத் தெரிந்தது என்றால், அதற்கும் அவள் தெரிந்துவிட்டாள் என்று பொருள்.

விசையை அணைத்தாள். இருட்டு வந்தது. முன்பே வந்திருக்க வேண்டிய இருட்டு.

அவள் பதினாறு வருடமாக இந்த அறைக்குள் வந்து போகிறவள். வெளியே வாடிக்கையாளர்களோடு அரை மணி நேரம் பேசினால், உள்ளே பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். அந்த மௌனம் அவளுக்குச் சம்பளத்தில் சேர்த்தி. இப்போது அதே முக்காலியில், அதே மௌனத்தில் உட்கார்ந்து, ரோலில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று விரலால் அளந்து பார்த்தாள். கால்வாசிக்கு மேல் இன்னும் கேசட்டுக்குள்ளேயே இருந்தது. அந்தப் பகுதி தப்பித்தது. மீதியைத் தடவித் தடவி ஊட்டி, தொட்டியை மூடினாள்.

தவறு எப்படி நடந்தது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. அகச்சிவப்பு ரோல் வந்தால் அதன்மேல் ஒரு ரப்பர் வளையம் மாட்டுவது அவள் ஏற்படுத்திய வழக்கம். இருட்டில் கைக்குத் தட்டுப்படும். தட்டுப்பட்டால் ஆந்தையைக் கழற்றிக் கதவுக்கு வெளியே மாட்டிவிட வேண்டும். அந்தப் புதன்கிழமை ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து இருபத்திரண்டு ரோல்கள் வந்திருந்தன. அந்த ஆசிரியை ஒவ்வொரு ரோலிலும் மாணவரின் பெயர்ச் சீட்டை வைத்து, விழாமலிருக்க ரப்பர் வளையம் போட்டு அனுப்பியிருந்தாள். நெரிடா காலையிலிருந்து வளையங்களைக் கழற்றிக் கழற்றி எறிந்துகொண்டிருந்தாள். கடைசியாக வைத்திருந்த ரோலின் வளையத்தையும் அப்படியே கழற்றி எறிந்தாள். ஓர் அடையாளம் ஒன்றுக்கு மட்டும் இருக்கிறவரைதான் அடையாளம். எல்லாவற்றிலும் இருந்தால் அது வெறும் ரப்பர்.

அந்த ரோல் ராய்ஸ் பைபஸ் என்பவருடையது. எழுபத்து நான்கு வயது. முப்பது வருடம் வனத்துறையில் விமானப் படங்களைப் படித்துச் சொல்லும் வேலை. அகச்சிவப்பில் நல்ல இலை வெள்ளையாக விழும், நோயாளி மரம் இருண்டு போகும். மேலேயிருந்து எடுத்த படத்தை ஒரு பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, எந்தச் சரிவில் எந்த மரம் சாகப்போகிறது என்று, அந்த மரத்துக்கே தெரிவதற்கு முன்னால் சொல்லிவிடுவாராம். இப்போது அவருக்குப் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. ஓரங்கள் மட்டும் மிச்சம். அகச்சிவப்புப் படத்தில் மரம் பால்போலவும் தண்ணீர் கரிபோலவும் விழுவதால், அதைக் கதவு அளவுக்குப் பெரிதாக்கி அச்சடித்தால் அவரால் இன்னும் பார்க்க முடிகிறது. அவர் பார்க்க முடிந்த உலகம் என்று இப்போது மிஞ்சியிருப்பது ஏறக்குறைய அதுதான்.

அவருக்கு பிலிம் மாட்டித் தருகிறவள் தங்கை குவெண்டா. அறுபத்தெட்டு வயது. டெலொரெய்னில் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். துணி அலமாரிக்குள் நுழைந்து, கதவிடுக்கில் துண்டை அடைத்துக்கொண்டு, உள்ளேயே கேமராவில் பிலிமை மாட்டுவாள். கார் ஓட்டுகிறவள், கேமராவின் முக்காலியைச் சுமக்கிறவள், பீடபூமியில் சுனையோரம் நிற்கும் பென்சில் பைன் மரங்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று சொல்கிறவள் எல்லாம் அவளே. போக ஐந்து மணி நேர நடை.

திங்கட்கிழமை ரோலைக் கொண்டுவந்தபோது ராய்ஸ் கடைக்குள் நாலு பேர் கேட்கும்படி, போன வருடம் குவெண்டா ஒரு ரோலின் முதல் ஐந்து படங்களை அலமாரிக்குள்ளேயே வெளிச்சம் படவிட்டுக் கெடுத்துவிட்டாள் என்று சொன்னார். இந்த வகை பிலிமை இப்போது யாரும் செய்வதில்லை; வீட்டு உறைபெட்டியில், பட்டாணிப் பைக்கு அடியில், இன்னும் ஒரே ஒரு ரோல்தான் பாக்கி. இந்த முறையும் அலமாரியில் போயிருந்தால் இத்தோடு நிறுத்திக்கொள்வதாகவும், கடைசி ரோலை எடுக்கப்போவதில்லை என்றும் சொன்னார். குருடனும் கிழவியுமாக மலையேறி வெளிச்சம் விழுந்த பிலிமைக் கொண்டுவருவதற்கு வேறு பெயர் இருக்கிறது என்றார். குவெண்டா அதற்குச் சிரித்தாள். வாடிக்கையாளர்களும் சிரித்தார்கள். நெரிடா படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

மதியம் நெகட்டிவ் காய்ந்ததும் வெளிச்சப் பெட்டியின்மேல் போட்டுப் பார்த்தாள்.

பிலிமைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மூட்டமும், அதாவது தப்பி நுழைந்த வெளிச்சம் படியவைக்கும் கறையும், ஓர் எழுத்துதான். மாட்டும்போது இடுக்கு வழியாக வெளிச்சம் நுழைந்தால், பிலிமின் நுனியில் கெட்டியாகத் தொடங்கி, நாலைந்து படத்துக்குள் தேய்ந்துவிடும். ஓரத்து ஓட்டைகளின் நிழல் அதில் படிக்கட்டு மாதிரி விழுந்திருக்கும். இது அப்படியில்லை. முதல் படத்திலிருந்தே மேலாகப் படிந்து, போகப்போகக் கனத்து, இருபத்தைந்தாம் படத்தில், அவள் கை நின்ற இடத்தில், கத்தியால் வெட்டியதுபோல முடிந்தது. மரங்கள் எல்லாம் அந்த இருபத்தைந்துக்குள் இருந்தன. மூட்டத்துக்குப் பின்னால் ஒன்றிரண்டின் உருவம் தெரிந்தது. கதவு அளவுக்குப் பெரிதாக்கினால் சாம்பல்தான் மிஞ்சும்.

இருபத்தாறாவது, கேசட்டின் வாயோரம் கசிந்த வெளிச்சத்தால், பாதி கெட்டிருந்தது. இருபத்தேழிலிருந்து முப்பத்தாறு வரை பத்துப் படங்கள் பழுதில்லாமல் வந்திருந்தன. அவற்றை ஒரு சிறிய தாளில் வரிசையாக அச்சடித்தாள். திரும்பி இறங்கும் வழியில் மிச்சத்தை முடித்துவிட வேண்டுமென்று ராய்ஸ் பாட்டுக்குத் தட்டியிருக்க வேண்டும். பத்திலும் மரப்பலகை போட்ட நடைபாதை. பத்திலும் அதன்மேல் குவெண்டா. அகச்சிவப்பில் மனிதத் தோல் மெழுகுபோல வெளுத்து, கண் மட்டும் கறுத்து நிற்கும். அதனால் அவள் முகத்தில் இருந்தது என்ன என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் பத்து இடங்களில், பத்து வெவ்வேறு புதர்களின் பக்கத்தில், பத்துத் தடவையும் அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் நீட்டியிருந்தது. கை முழங்காலைப் பிடித்திருந்தது.

நெரிடா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெர்வினைக் கூப்பிட்டாள்.

மெர்வின் நல்லவன். திட்டுவதற்கு முன்னால் சாசேஜ் ரோலைச் சாப்பிட்டு முடிக்கும் பழக்கம் உள்ளவன். முடித்ததும் திட்டும் எண்ணம் போய்விடும். அவள் நடந்ததைச் சொன்னதும், படிவத்தை எடுத்துவரச் சொன்னான். அகச்சிவப்பு பிலிமுக்குக் கடை பொறுப்பல்ல என்ற வரியின் கீழ் ராய்ஸின் கோணல் கையெழுத்து இருந்தது. மெர்வின் அதை விரலால் தட்டினான்.

"அகச்சிவப்பு வந்தா சாமி புண்ணியம், வராட்டி வாடிக்கையாளர் பாவம். இது நீ சொல்ற வசனந்தானே?"

அவள் சொல்வதுதான். பத்து ரோல் வந்தால் எட்டு, கொண்டுவருகிறவர்களே வெயிலில் திறந்து கெடுத்ததாக இருக்கும். அவர்களும் சண்டை போடுவதில்லை. தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு போவார்கள். இந்த பிலிமோடு பழகியவர்களுக்குத் தன்னையே சந்தேகப்படும் குணம் வந்துவிடுகிறது. மெர்வின் அவளைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. கேட்டால் மூட்டம் இருக்கிறது என்று சொல், மூட்டம் இருப்பது உண்மைதானே என்றான். ராய்ஸ் போட்டோ சங்கத்தில் பெரிய தலை, ஆந்தை விஷயம் அங்கே போனால் ஒரு வருடத்துக்கு ஆந்தைபோல அலறிக் கேலி செய்வார்கள் என்றும் சொன்னான். பிறகு கை கழுவப் போய்விட்டான்.

வியாழக்கிழமை அவள் யாரோடும் அதிகம் பேசவில்லை. அது வழக்கந்தான், அதனால் யாரும் கவனிக்கவில்லை. மாலையில் நடந்து வீட்டுக்குப் போகும்போது கணக்கு ஒன்று மனசுக்குள் தானாக ஓடியது. சும்மா இருந்தால் பழி குவெண்டாவின் அலமாரிக்குப் போகும். ராய்ஸ் நிறுத்திக்கொள்வார். நிறுத்திக்கொண்டால் அந்த முழங்கால் இன்னொரு முறை மலையிறங்க வேண்டியதில்லை. கடைக்கும் நல்லது. அவளுக்கும் நல்லது. குவெண்டாவுக்குக்கூட நல்லது. பொய் எல்லோருக்கும் இவ்வளவு வசதியாக அமைந்து வருவதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. செருப்பு காலுக்கு இத்தனை கச்சிதமாக இருந்தால், அது யாருடைய செருப்பு என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது என்று தோன்றியது. அதற்குமேல் யோசனை போகவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மழையோடு அவர்கள் வந்தார்கள். குவெண்டா அவரை முழங்கையைப் பிடித்துக் கூட்டிவந்து மேசைக்கு எதிரே நிறுத்தினாள். அவள் நொண்டுகிறாளா என்று நெரிடா பார்த்தாள். நொண்டவில்லை. ஆனால் நின்றதும் உடம்பின் எடை முழுவதையும் ஒரே காலுக்கு மாற்றிக்கொண்டாள்.

"வந்துச்சா?" என்றார் ராய்ஸ்.

"கொஞ்சம் வந்துருக்கு."

"கொஞ்சம்னா? வானிலை அறிக்கை மாதிரி பதில் சொல்றியே."

"மூட்டம் இருக்கு, ராய்ஸ்."

அவர் வாயைத் திறப்பதற்குள் குவெண்டா பேசினாள். அவசரமாக, ஆனால் ஏற்கெனவே ஒத்திகை பார்த்ததுபோல நிதானமாக.

"நாந்தான். அலமாரிதான். துண்டு நழுவுனாப்புல இருந்துச்சு. மாட்டும்போதே எனக்குத் தோணுச்சு, உங்கிட்ட சொல்லல."

"இறுக்கி அடைச்சாச்சுன்னு சொன்னே."

"சொன்னேன்."

"அறுபத்தெட்டு வயசாச்சு. ஒரு கதவ ஒழுங்கா சாத்தத் தெரியல."

"தெரியலதான்."

ராய்ஸ் எதிர்பார்த்தது சண்டையாக இருந்திருக்க வேண்டும். எதிர்ப்பு வராததால் அவர் சிறிது நேரம் பிடிமானம் இல்லாதவர்போல நின்றார். அப்படியானால் சரி, முடிந்தது, அந்தக் கடைசி ரோல் பட்டாணிக்கு அடியிலேயே கிடக்கட்டும் என்றார். குரலில் கோபம் இல்லை. மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். குவெண்டா நெரிடாவைப் பார்க்கவில்லை. கவரை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டியிருந்தாள். அந்தக் கை நீண்டிருந்த விதத்தில் நெரிடாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பழியைச் சுமக்க வந்தவள் அல்ல அவள். பழிக்காகக் காத்திருந்தவள்.

கவரைக் கொடுத்திருந்தால் அத்தோடு போயிருக்கும். ராய்ஸ்தான் பழக்கதோஷத்தில், போகத் திரும்பியவர் நின்று, முப்பது வருடம் அலுவலக இருட்டறைக்காரர்களிடம் கேட்ட கேள்வியைக் கேட்டார்.

"மூட்டம் எங்க முடியுது?"

வெளியே ஒரு லாரி பின்வாங்கும் சத்தம் கேட்டு, நின்றது. ஐந்தாம் படத்தில் என்று சொன்னால் போதும். அவரால் சரிபார்க்க முடியாது. ஆனால் அவர் கேட்டது யார் தவறு என்றல்ல. தன் கண்ணால் செய்ய முடியாத ஒரு வேலையை அவளுடைய கண்ணால் செய்து தரும்படி கேட்டார். இத்தனை வருடத்தில் அவளிடம் நெகட்டிவைக் கொடுத்து, என்ன தெரிகிறது என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். தெரியாததைத் தெரிகிறது என்று அவள் ஒருமுறையும் சொன்னதில்லை. அவளிடம் பெருமைப்பட்டுக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான்.

"இருபத்தஞ்சுல," என்றாள்.

"இருபத்தஞ்சா?"

"ஆரம்பத்துல மேலாக்க இருக்கு. போகப்போக கெட்டியாகுது. இருபத்தஞ்சுல வெட்டுனாப்புல நிக்குது."

ராய்ஸ் அதைக் கேட்டுக்கொண்டார். அவர் மனசுக்குள் ஒரு பிலிம் நீளமாக விரிந்துகொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது.

"ஓர ஓட்டைங்களோட நிழல்?"

"இல்ல."

"கதவு வழியா வந்த வெளிச்சம் அப்படி விழாது."

"விழாது. இது எங்கிட்ட நடந்தது. இருட்டுல பாக்கற கண்ணாடியக் கழட்டாம உள்ள போயிட்டேன். குவெண்டா மாட்டுனதுல ஒரு குத்தமும் இல்ல."

உள்ளே மெர்வின் தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது. குவெண்டாவின் கை மேசையின்மேல் அப்படியே இருந்தது. நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் அதை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

ராய்ஸ் சிரித்தார். அவர்கள் அலுவலகத்தில் ஒருவன் இருட்டறைக்குள் சிகரெட் பற்றவைத்து ஒரு மாவட்டத்துப் படங்களையே பாழாக்கிவிட்ட கதையைச் சொன்னார். அவனுக்காவது ஒரு இழுப்பு கிடைத்தது, உனக்கு அதுவும் இல்லையே கண்ணு என்றார். நெரிடா மன்னிப்புக் கேட்டாள். அவர் கையை வீசி அதைத் தள்ளினார். அவருக்கு உள்ளுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்திருந்தது. அலமாரியில் குற்றமில்லை, தங்கை கையில் குற்றமில்லை. அப்படியானால் நிறுத்துவதற்குக் காரணமும் இல்லை.

"பனி விழறதுக்குள்ள போயிடலாம், குவென். அடுத்த வாரம் வானம் எப்படின்னு பாரு."

"சரி," என்றாள் குவெண்டா.

நெரிடா அந்தச் சரியைக் கேட்டாள். அதில் ஒன்றுமே இல்லை. வண்டிமாட்டின் கழுத்துக்கு நுகம் வரும்போது அது தலையைச் சற்றே இறக்கிக் கொடுக்குமே, அவ்வளவுதான் இருந்தது அதில். ஒருவர் மனசு சுத்தமாவதற்கான விலையை இன்னொருவர் கால் கொடுக்கப்போகிறது என்று நினைத்தாள். இருந்தும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"மிச்சம் பத்துல என்ன இருக்கு?" என்றார் ராய்ஸ்.

இப்போது குவெண்டா நெரிடாவைப் பார்த்தாள். சொல் என்றும் இல்லை, சொல்லாதே என்றும் இல்லை. அவளுக்கு அந்தப் படங்களைப் பற்றித் தெரியாது. ஆனால் ராய்ஸ் எந்த இடத்தில் எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பித் தட்டினார் என்பது தெரியும். நெரிடா அச்சடித்த தாளை எடுத்து, மேசையின்மேல் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"நீங்களே பாருங்க," என்றாள்.

குவெண்டா மழைக்கோட்டுக்குள் துழாவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். ஒவ்வொரு படமாக, அவசரமில்லாமல், அச்சில் தன் பெயர் வந்திருக்கிறதா என்று தேடுகிறவள்போலப் பார்த்துக்கொண்டு போனாள். முதல் வரிசை முடிந்தது. இரண்டாவது வரிசை முடிந்தது. மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். மெர்வின் உள்ளே இருந்து வந்தவன், மூவரையும் பார்த்துவிட்டு, வந்த வேலை மறந்துபோனதாகப் பாவனை செய்துகொண்டு திரும்பிப் போனான்.

"நான்," என்றாள் குவெண்டா.

"நீயா? நான் பாதைய எடுத்தேன்னுல்ல நெனச்சேன்."

"பாதைலதான் இருக்கேன்."

"என்ன பண்ற?"

"உக்காந்திருக்கேன்."

"எதுல?"

"எல்லாத்துலயும்."

ராய்ஸ் அந்த நாளை மறுபடி நடந்து பார்ப்பவர்போல மெதுவாகப் பேசினார். ஒவ்வொரு தடவையும் அவள் குரல் முன்னாலிருந்து, தரைக்குப் பக்கத்திலிருந்து வந்தது. ஏன் நின்றுவிட்டாய் என்று கேட்டபோதெல்லாம் ஒரு காரணம் சொன்னாள். லேஸ் கட்டுகிறேன் என்றாள். பாசியைப் பார்க்கிறேன் என்றாள்.

"கறுப்புக் காக்கட்டூ, அந்தக் கொண்டைக் கிளி, கூட்டமா போவுதுன்னு சொன்னியே. நான் வேற கேமராவத் தூக்கிட்டு நின்னேன்."

"ஒரு காக்கட்டூவும் இல்ல. மூட்டு வலி."

"எப்பலேர்ந்து?"

"போன வசந்தத்துலேர்ந்து. ஏறும்போது சமாளிச்சுருவேன். எறங்கும்போதுதான்."

"ஏன் சொல்லல?"

குவெண்டா கண்ணாடியைக் கழற்றி, துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ நிறுத்துனா உன்னால நிறுத்துனதா இருக்கட்டும்னு பாத்தேன். இல்லேன்னா அலமாரியால. என் காலால நின்னு போச்சுன்னு வேணாம்."

நடுப்பார்வை போனவர்கள் எதையாவது பார்க்க வேண்டுமென்றால், முகத்தை அதிலிருந்து திருப்பிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் கண்ணின் ஓரத்தில் அது விழும். ராய்ஸ் தங்கையிடமிருந்து முகத்தைத் திருப்பி, ஜன்னலைப் பார்த்து நின்றார். கடைக்குள் நுழைந்த ஒரு பெண், இருவருக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று நினைத்து, சுவரில் மாட்டியிருந்த சட்டங்களை மும்முரமாகப் பார்க்கத் தொடங்கினாள். நெரிடாவுக்கு அவர் என்ன செய்கிறார் என்று தெரிந்தது. அவர் குவெண்டாவை, அவள் நிற்கும் விதத்தை, எடையை எந்தக் காலில் வைத்திருக்கிறாள் என்பதைப் படித்துக்கொண்டிருந்தார். மேலேயிருந்து எடுத்த படத்தில் ஒரு மரத்தைப் படிப்பதுபோல. வெகுநேரம் ஆயிற்று.

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும்," என்றார் கடைசியில்.

"உனக்குத்தான் கண்ணு தெரியாதே."

"காது தெரியுமே."

சட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணை மெர்வின் வந்து உள்ளே கூட்டிப்போனான்.

மறுபடி பேச்சு தொடங்கியபோது அது வேறு எங்கோ இருந்து தொடங்கியது. கார் போகிற இடம்வரை தான் வருவதாகக் குவெண்டா சொன்னாள். ஏரிக்கரையில் வண்டி நிறுத்தும் இடத்தில் நாலைந்து மரம் இருக்கிறது. அதெல்லாம் மரமே இல்லை, காற்றடித்துக் கூனிப்போன விளக்குமாறுகள் என்றார் ராய்ஸ். இருக்கிறதை எடு என்றாள் அவள். அப்படியானால் கடைசி ரோலை அதற்கு வீணாக்க வேண்டுமா என்று அவர் கேட்டார். பட்டாணிக்கு அடியில் இருந்தால் மட்டும் அது என்ன, குட்டி போடுமா என்றாள். வீட்டில் தினமும் நடக்கும் சண்டை அது என்பது கேட்கும்போதே தெரிந்தது. மேலே போவதைப் பற்றி இருவருமே அதற்குப் பிறகு பேசவில்லை. போகப்போவதில்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

நெரிடா நெகட்டிவ்களை உறையில் போட்டு, மூட்டம் விழுந்த இருபத்தைந்தையும் சேர்த்தே வைத்து, கவரை மேசையில் வைத்தாள். ராய்ஸ் அதை எடுக்கவில்லை. பெரிதாக ஒரு படம் அச்சடிக்க வேண்டும் என்றார். கதவு அளவு. பளபளக்காத தாளில், பளபளத்தால் விளக்குதான் தெரிகிறது. அந்தப் பத்தில் எதை அடிப்பது என்று நெரிடா கேட்டாள்.

"அவளக் கேளு. மூஞ்சி அவளோடது."

குவெண்டா தாளை மறுபடி குனிந்து பார்த்தாள். எல்லாமே பிணம் மாதிரிதான் இருக்கிறது, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். பிறகு விரலை ஓரிடத்தில் வைத்தாள்.

"முப்பத்தொண்ணு மட்டும் வேணாம். அதுல வாயத் தெறந்துகிட்டு உக்காந்திருக்கேன்."

"அப்ப முப்பத்தொண்ணு," என்றார் ராய்ஸ்.

நெரிடா பேனாவை எடுத்துக்கொண்டு குவெண்டாவைப் பார்த்தாள். அவள் கண்ணாடியை மடித்து உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். மறுத்து எதுவும் சொல்லவில்லை. நெரிடா படிவத்தில் முப்பத்தொன்று என்று எழுதினாள்.